கடுமையான செவித்திறன் இழப்புக்குச் 'சூப்பர் பவர்' காது கருவி: பத்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அருகில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வருகிறேன். பத்திரம் எழுதுவது கையின் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாதிக்கு மேல் அது காதின் வேலை. விற்பவர் சொல்ல, வாங்குபவர் குறுக்கிட, கூட வந்த மைத்துனர் திருத்த, அந்த மூன்று குரல்களுக்கு நடுவே சர்வே எண்ணையும் சென்ட் கணக்கையும் நான்கு எல்லைகளையும் பிழையில்லாமல் பிடித்துத் தாளில் இறக்க வேண்டும். அந்தக் காது ஏறத்தாழ முழுமையாகக் கைவிட்ட நிலையில், சென்ற ஆவணி மாதம் இரண்டு காதுகளுக்கும் 'சூப்பர் பவர்' வகைக் கருவி வாங்கி அணியத் தொடங்கினேன். வாங்கிய வாரத்திலேயே இதை எழுதியிருந்தால், யாரும் வாங்க வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். பத்து மாதம் காத்திருந்து எழுதுவதற்குக் காரணம் அதுவே.

கருவியைத் தேடி அலைய வைத்தது ஒரே ஓர் எழுத்து. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்குக் கிரயப் பத்திரத்தின் வரைவை எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஐயா, எங்கப்பா பேரு பாண்டி. ஆண்டின்னு எழுதியிருக்கீங்களே" என்றார். எங்கள் பகுதியில் பாண்டியும் உண்டு, ஆண்டியும் உண்டு. இரண்டும் தகப்பன் பெயராக எத்தனையோ பத்திரங்களில் நான் எழுதிய பெயர்களே. அவர் சொன்ன நேரத்தில் நான் தாளைப் பார்த்துக் குனிந்திருந்தேன். நிமிர்ந்திருந்தால் அவருடைய உதடுகள் சேர்ந்து பிரிந்ததைக் கண்டு 'ப' என்று அறிந்திருப்பேன். அந்தப் பத்திரம் அப்படியே பதிவாகியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம், மறுபடி அலைச்சல், மறுபடி செலவு, எல்லாம் என் ஒருவனால் அந்த மனிதர் தலையில் விழுந்திருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் காதின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கருவியைப் பற்றிச் சொல்வது எதுவும் பொருந்தாது. கேட்கும் திறனை அளந்து வரையும் ஆடியோகிராமின்படி வலது காதின் சராசரி இழப்பு 78 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு), இடது காதில் 83. இளமையில் காசநோய்க்குப் போட்டுக்கொண்ட ஊசிகள் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் கூறினார். நரம்பு சார்ந்த இழப்பு என்பதால் அறுவை சிகிச்சையால் மீட்க வழியில்லை. சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல் அளவில் நடக்கிறது. டெசிபல் என்பது கூட்டல் கணக்கு அன்று, பெருக்கல் கணக்கு. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. எதிரில் உட்கார்ந்து பேசுபவரின் குரல் எனக்கு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை இதிலிருந்து உணரலாம். அதிலும் தாழ்ந்த அலைவரிசையில் எனக்கு ஓரளவு காது மிச்சம் இருந்தது, உயர்ந்த அலைவரிசையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. க, ச, ட, த, ப என்னும் வல்லினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பம் உயர்ந்த பகுதியில் இருக்கிறது. ஆகையால் பாண்டி என்பதில் 'ப' உதிர்ந்து 'ஆண்டி' மட்டும் வந்து சேர்ந்தது. "சத்தம் கேக்குது, என்னன்னுதான் வெளங்கல" என்று வயதானவர்கள் சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதன் முழுப் பொருள் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இனி கருவி. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. போனாக், ஓட்டிகான், சிக்னியா, ரீசவுண்ட் போன்ற பெயர்களை இந்தச் சந்தையில் நுழைந்த முதல் நாளே கேட்டுவிடுவீர்கள். கடுமையான இழப்புக்கான கருவிகளை இவர்கள் எல்லாருமே செய்கிறார்கள். என் அனுபவத்தில் பெயரைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது அதைக் காதுக்குப் பொருத்தியவரின் கை. காதின் பின்புறம் உட்காரும் இந்தக் கருவி என் சுண்டு விரலின் பாதி அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாய் வளைந்து வந்து காதுக்குள் இருக்கும் அச்சில் சேர்கிறது. இதன் உச்ச ஒலி 140 டெசிபலைத் தொடும். காதுக்குள் ஒளிந்துகொள்ளும் சிறிய கருவிகளைக் காட்டி "இது வெளியே தெரியாது" என்று விற்பவர்கள் உண்டு. அந்த அளவுக்குள் இத்தனை வலிமையை அடைக்க முடியாது. ஒலிவாங்கியும் ஒலி வெளிவரும் வாயும் அவ்வளவு நெருங்கினால் வெளியே வந்த ஒலியே திரும்ப உள்ளே போய் 'கீ' என்று விசில் அடிக்கும். என்னைப் போன்ற இழப்பு உள்ளவர்கள் வெளியே தெரியாத கருவியைத் தேடுவது வீண் அலைச்சல்.

முதலில் நான் போனது மதுரையில் ஒரு கடை. அங்கே பரிசோதனை செய்த அறைக்குக் கதவு இருந்தது, ஒலித்தடுப்பு இல்லை. தெருவில் போன பேருந்தின் ஹாரன் எனக்கே மங்கலாகக் கேட்டது. இருபது நிமிடத்தில் சோதனை முடிந்தது, அடுத்த பத்து நிமிடத்தில் கருவி காதில் இருந்தது. காதுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டிய அச்சுக்குப் பதிலாக ரெடிமேட் ரப்பர் முனை ஒன்றைச் செருகினார்கள். அசைந்தால் விசில், மென்றால் விசில், தலையணையில் சாய்ந்தால் விசில். மறுபடி போனபோது, விசில் நிற்பதற்காக ஒலியைக் குறைத்து வைத்தார்கள். விசில் நின்றது, பேச்சும் நின்றது. வலிமையான கருவியை விலை கொடுத்து வாங்கி வலிமையில்லாமல் அணிவதில் என்ன பயன் என்று கேட்டதற்கு, "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. பழக வேண்டியது உண்மை. ஆனால் ஒழுகும் அச்சுக்குப் பழகிக்கொள்ள எந்தக் காதாலும் முடியாது. மூன்று வாரம் நடையாய் நடந்து, பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் திருப்பித் தந்தேன்.

அதன் பிறகு மதுரையிலேயே அண்ணாநகர்ப் பக்கம் ஒரு சிறிய மையத்துக்கு, தெரிந்த ஆசிரியர் ஒருவர் சொல்லிப் போனேன். அங்கே இருந்த ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் நிபுணர், இளம் வயதுப் பெண். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த எண் சுவரில் இருந்தது. பத்திரம் எழுதுபவனுக்குப் பதிவு எண்ணில்தான் முதல் கண் போகும். ஒலித்தடுப்பு அறையில் ஒன்றரை மணி நேரம் சோதித்தார். மெல்லிய ஒலி எங்கே கேட்கத் தொடங்குகிறது என்பதோடு நிற்காமல், எந்த அளவைத் தாண்டினால் தாங்க முடியாமல் போகிறது என்பதையும் ஒவ்வொரு அலைவரிசையிலும் குறித்துக்கொண்டார். பிறகு தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திரும்பச் சொல்லச் செய்தார். வலது காதில் நூற்றுக்கு 56, இடது காதில் 40 மட்டுமே சரியாகச் சொன்னேன். "ஐயா, எவ்வளவு நல்ல மிஷினைப் போட்டாலும் நூற்றுக்கு நூறு வராது, இதிலிருந்து எவ்வளவு மேலே போக முடியுமோ அதுவரை போவோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் வாங்க முடிவு செய்தேன்.

அச்சு எடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கருவியில் பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது. முதலில் காதுக்குள் விளக்கை விட்டுப் பார்த்து மெழுகைச் சுத்தம் செய்துவரச் சொன்னார்கள். அடுத்த முறை, நூல் கட்டிய சிறிய பஞ்சு ஒன்றைக் காதின் உள்ளே தள்ளி, செவிப்பறை வரை எதுவும் போகாதபடி அணை போட்டார். இரண்டு நிறப் பசைகளைக் கையில் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து மெல்ல உள்ளே செலுத்தினார். குளிர்ந்த மாவு காதை நிறைப்பது போல இருந்தது; உலகம் முழுவதும் ஒரு நொடியில் அடைத்துக்கொண்டது. பசை இறுகும் ஐந்து நிமிடமும் வாயைத் திறந்து மூடச் சொன்னார், பேசும்போதும் சாப்பிடும்போதும் தாடை அசைந்து காதுக்குழாயின் வடிவம் மாறும் என்பதால். நூலைப் பிடித்து இழுத்தபோது என் காதின் உட்புறம் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறு சிற்பமாக அவர் உள்ளங்கையில் இருந்தது. பத்து நாளில் மென்மையான சிலிக்கான் அச்சு வந்தது. இடது அச்சு மேல் மடலில் உரசிப் புண்ணாக்கியது. இருந்த இடத்திலேயே தேய்த்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கருவியை முதன்முதலில் இயக்கிய கணத்தில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அடித்து நொறுக்கியது போல இருந்தது. தாளைப் புரட்டிய ஓசை தகரத்தைக் கிழிப்பது போல் கேட்டது. மின்விசிறிக்கு ஒலி உண்டு என்பதையே மறந்திருந்தேன். என் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல முழங்கியது. அச்சு காதை முழுவதும் அடைப்பதால் தன் குரல் அப்படித்தான் உள்ளேயே சுழலும் என்றார்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் நின்ற பத்து நிமிடத்தில் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் அணிந்தபோது என் மனைவி, "என்னங்க, எதுக்கு இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க, உடம்புக்கு முடியலையா?" என்று பதறிக் கேட்டாள். பல வருடமாக நான் கத்திக்கொண்டுதான் பேசியிருக்கிறேன் என்பதும், அவள் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை என்பதும் அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது.

குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு கீழே விழும் ஓசை, கதவை அறைந்து சாத்துவது ஆகிய மூன்றும் முதல் மாதம் முழுவதும் என்னைத் துன்புறுத்தின. நரம்பு சார்ந்த இழப்பில் இது ஒரு கொடுமையான முரண்: மெல்லிய ஒலி கேட்கவே கேட்காது, பலத்த ஒலி மற்றவர்களுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாகவே கேட்கும். கேட்கத் தொடங்கும் எல்லைக்கும் தாங்க முடியாத எல்லைக்கும் இடையே மற்றவர்களுக்கு ஒரு வயல் அளவு இடம் இருக்கிறது என்றால், எனக்கு ஒரு வரப்பு அளவுதான். மெல்லிய ஒலியை மிகுதியாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்கி, எல்லாவற்றையும் அந்த வரப்புக்குள் கொண்டுவந்து நிறுத்துவதே கருவியின் உண்மையான வேலை. அதற்காகத்தான் தாங்கும் எல்லையை முதலிலேயே அளந்தார் என்பது பிறகு விளங்கியது. என் இழப்புக்கு இவ்வளவு ஒலி வேண்டும் என்று கணினி காட்டிய இலக்கில் சுமார் எழுபது விழுக்காட்டில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக ஏற்றினார். நான்காம் முறை ஒரு மெல்லிய ரப்பர் குழாயை அச்சின் பக்கத்தில் காதுக்குள் நுழைத்து, செவிப்பறைக்கு அருகில் உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளந்து பார்த்துத் திருத்தினார். இந்த அளவீடு உண்டா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் பொருத்துவது, நிலத்தைச் சங்கிலி போட்டு அளக்காமல் கண்ணால் பார்த்து எல்லை எழுதுவதற்குச் சமம்.

'ச' என்னும் எழுத்து தனியாகச் சொல்லப்பட வேண்டியது. என் காதில் உயர்ந்த அலைவரிசையைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்செல்கள் பிழைத்திருக்கவில்லை. அங்கே எவ்வளவு ஒலியைக் கொட்டினாலும் பயனில்லை. ஆகவே கருவி அந்த உயர்ந்த ஒலிகளைக் கீழே இறக்கி, காது இன்னும் உயிரோடு இருக்கும் பகுதியில் கொடுக்கிறது. இதனால் 'சர்வே' என்பது முதலில் வழுக்கிக்கொண்டு வேறு ஏதோ மொழிச் சொல் போல ஒலித்தது. 'சென்ட்', 'சாலை', 'சுப்பையா' எல்லாமே நாக்கில் பழுதுள்ளவர் சொல்வது போல் இருந்தன. இந்த வசதியை நிறுத்திவிடுங்கள் என்று இரண்டு முறை கெஞ்சினேன். நிறுத்தாமல் அளவை மட்டும் குறைத்து, ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார். ஐந்தாம் வாரமோ என்னவோ, 'ச' தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. எந்த நாளில் நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு காலை, கட்சிக்காரர் "சர்வே நம்பர் நூத்தி முப்பத்தேழு" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமலேயே எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அதை உணர்ந்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

இடையில் மனம் தளர்ந்த ஒரு காலமும் உண்டு. இரண்டாம் மாதம், கருவியால் பெரிய பயன் இல்லை என்று புகார் சொல்லப் போனேன். அவர் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்குச் சராசரி மூன்றே முக்கால் மணி நேரம்தான் போட்டிருக்கீங்க, ஐயா" என்றார். எவ்வளவு நேரம் அணிந்தோம் என்பதைக் கருவியே பதிந்து வைத்திருக்கிறது. கோபமில்லாமல் எடுத்துச் சொன்னார்: பல ஆண்டுகளாக ஒலி போகாத வழிகளில் மூளை கேட்கும் பழக்கத்தையே விட்டிருக்கும், நாள் முழுவதும் ஒலி போனால்தான் எது மின்விசிறி, எது பேச்சு என்று பிரிக்க அது மறுபடி கற்றுக்கொள்ளும். மறுநாளிலிருந்து காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை அணிந்தேன். மாலையில் தலை கனத்துப் போகும். கவனித்துக் கேட்பது உடலுழைப்பு போன்றே அலுப்பைத் தரும். ஒரு மணி நேரம் அமைதியான அறையில், கருவியைக் கழற்றாமல், கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன்.

பயிற்சிக்கு எனக்கு உதவியவள் ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி. முதலில் செய்தித்தாளை அவள் சத்தமாக வாசிக்க, நான் அதே பக்கத்தை வைத்துக்கொண்டு விரலால் தொடர்ந்தேன். பிறகு தாளை மூடி வைத்துக் கேட்டேன். அதன் பின், என் பழைய வரைவுகளிலிருந்து ஊரும் பெயரும் மாற்றி ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்த சொத்து விவரங்களை அவள் படிக்கத் தொடங்கினாள். "வடக்கே பொதுப்பாதை, தெற்கே பெரியகருப்பன் புஞ்சை, கிழக்கே ஓடை, மேற்கே முனியாண்டி தென்னந்தோப்பு" என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்ல, நான் எழுதுவேன். எண்கள்தான் கடைசி வரை தொல்லை கொடுத்தன. அறுபது, எழுபது இரண்டும் ஒரே வால் உடையவை. முதல் இரண்டு எழுத்துகளில் மட்டும் வேறுபாடு. பாண்டி, ஆண்டி, காளி, வாளி, கல்லு, பல்லு என்று இணை இணையாக அவளே பட்டியல் தயாரித்தாள். தை மாதம் மறுபடி சொல் சோதனை செய்தபோது வலது காது 56-லிருந்து 76-க்கு வந்திருந்தது, இடது காது 52. கருவியின் விலைப்பட்டியலில் இந்தப் பயிற்சிக்கு இடம் இல்லை. இதைச் செய்ய வீட்டில் ஒருவர் இல்லாவிட்டால், கருவி வாங்குவதற்கு முன் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பேன்.

இசை வேறு கதை. திருப்பரங்குன்றத்தில் ஒரு மாலை நாதசுவரம் கேட்டபோது, நீண்டு நிற்க வேண்டிய ஒவ்வொரு சுரமும் தண்ணீருக்குள் நடுங்குவது போல் ஆடியது. வித்துவானின் குற்றமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். காரணம் கருவியில் இருந்தது: அசையாமல் நீளும் ஒற்றைச் சுரத்தைத் தன்னுடைய விசில் என்று எண்ணி, அதை அழிக்கக் கருவி முயலுகிறது. இதைச் சொன்னதும், விசில் தடுப்பைத் தளர்த்தி இசைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் வைத்துக் கொடுத்தார். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் மாறும். இப்போது நாதசுவரம் நேராக நிற்கிறது, பழைய இனிமை முழுவதும் இல்லை என்றாலும். சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்குப் போயிருந்தேன். வேட்டுச் சத்தத்துக்கு அஞ்சிக்கொண்டேதான் போனேன். உச்ச ஒலியை அவர் கட்டி வைத்திருந்ததால் வேட்டு மொத்தென்று விழுந்ததே தவிரக் காதைக் குத்தவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பக்கத்தில் நின்ற என் மகன் பேசிய ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.

அன்றாடப் பராமரிப்பில் மதுரை வெயில்தான் முதல் பகை. பங்குனி, சித்திரையில் காதின் பின்புறம் வழியும் வியர்வை கருவியின் இடுக்குகளில் இறங்கி, ஒலி விட்டு விட்டு வரும். இரவு சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில், பேட்டரிக் கதவைத் திறந்து வைத்துப் படுக்கப் போவது தவறக் கூடாத பழக்கம்; நான் தவறிய ஒரு வாரத்தில் இடது கருவி சர்வீசுக்குப் போய் ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது. குளிர்சாதன அறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் குழாயில் நீர்த்துளி நிற்கும். ரப்பர்க் குமிழ் ஊதியால் ஊதி வெளியேற்ற வேண்டும். குழாய் நான்கு மாதத்தில் மஞ்சளித்து இறுகிவிட்டது. இறுகிய குழாய் அச்சை இழுக்கும், இழுத்தால் விசில் வரும். பொறுப்பாக மாற்றிக்கொண்டால் விசில் தொல்லை பெரிதும் குறையும்.

பேட்டரி 675 எண், நீல ஒட்டு உள்ளது. துத்தநாகமும் காற்றும் சேர்ந்து இயங்கும் வகை என்பதால், ஒட்டை உரித்து ஒரு நிமிடமாவது காற்றுப் பட வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்ததும் அவசரமாகப் போட்டால் ஆயுள் குறைகிறது. மறுபடி ஒட்டினாலும் அது நிற்காது. நாளுக்குப் பதினான்கு மணி நேர உபயோகத்தில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வருகிறது. குழந்தைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் பழையவற்றைக்கூட மேசையில் போடுவதில்லை. இருசக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தலைக்கவசத்தைக் கழற்றும்போது கருவி அதோடு சேர்ந்து வந்து தெறிக்கும். ஒரு முறை கப்பலூர் அருகே சாலையில் விழுந்ததைக் குனிந்து எடுப்பதற்குள் லாரி ஒன்று ஒரு முழம் தள்ளிக் கடந்தது. இப்போது கவசம் போடும் முன் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். வண்டி ஓட்டும்போது கேட்காதே என்ற கவலைக்குக் கண்ணாடிகள் இரண்டையும் பெரிதாக மாற்றினேன்.

கைபேசியை மற்றவர்கள் போலக் காதின் துளையில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஒலிவாங்கி காதின் மேற்புறம் இருக்கிறது. கைபேசியின் மேல்முனையை அங்கே, சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இந்தச் சிறு உண்மையை எனக்கு யாரும் சொல்லவில்லை, இரண்டு மாதம் கழித்துத் தற்செயலாகத் தெரிந்தது. பேருந்தில் பேச்சு விளங்காது. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் விளங்காது. ஓர் ஆள் தூரத்தில், ஒருவர் மட்டும், முகம் பார்த்துப் பேசினால் ஏறக்குறைய முழுவதும் விளங்குகிறது. ஐந்தாறு அடி தள்ளிப் போனால் பாதியாகிறது. பேசுபவரின் சட்டையில் மாட்டும் கம்பியில்லா ஒலிவாங்கி இதற்கு உதவும் என்று சோதித்துக் காட்டினார்கள். நன்றாகவே இருந்தது, ஆனால் அதன் விலை இப்போது என் கைக்கு அடங்கவில்லை.

இரண்டு கருவிகளுக்கும் அச்சுகளுக்கும் சேர்த்து 1,38,000 ரூபாய் ஆயிற்று. ஓராண்டு வரை எத்தனை முறை திருத்தினாலும் தனிக் கட்டணம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டேன். இதுவரை ஒன்பது முறை போயிருக்கிறேன். காது கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. முதலில் போன கடையின் பட்டியலில் அப்படி ஒரு தொகை இருந்ததைச் சுட்டிக் காட்டித்தான் நீக்க வைத்தேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதுகளிலும் பேச்சு அலைவரிசையில் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை உள்ளவரைக் காது மந்தமானவர் என்றும் வரையறுக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சோதித்துச் சான்றிதழ் பெற்றேன். பழைய முறையில் வருமான வரி கட்டுபவருக்கு குறைந்தது 40 விழுக்காடு ஊனம் இருந்தால் 75,000 ரூபாய் கழிவு உண்டு. வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால் காதின் பின்புறம் அணியும் கருவி இலவசமாகவே கிடைக்கும். அதை வாங்கியவர்கள் அச்சு மட்டுமாவது நல்ல இடத்தில் செய்து போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அச்சு சரியில்லாமல் பெட்டிக்குள் தூங்கும் இலவசக் கருவிகளை என் உறவிலேயே மூன்று வீடுகளில் பார்த்தேன்.

கருவியின் மீது எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. பெட்டியில் வந்த கையேட்டில் எத்தனையோ மொழிகள் இருந்தும் தமிழ் இல்லை. பேட்டரியை எப்படிப் போடுவது, எந்த ஒலி எதைக் குறிக்கிறது என்பவற்றை அந்த ஆடியாலஜிஸ்ட் தம் கையால் ஒரு தாளில் தமிழில் எழுதித் தந்தார். அந்தத் தாளை நகலெடுத்து, இதே வகைக் கருவி வாங்கிய இருவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

என் அலுவலகத்தில் கட்சிக்காரரின் நாற்காலியை வலது காதுப் பக்கமாக நகர்த்திப் போட்டிருக்கிறேன். விவரம் சொல்லும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். வெயில் காலத்தில் அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் பின் ஒருவராகப் பேசச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெயர்களையும் எண்களையும் எழுதியபின் நானே உரக்கத் திருப்பிச் சொல்லி, அவர்கள் தலையசைத்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறேன். உசிலம்பட்டிக்காரர் வைகாசியில் தம்பிக்குப் பாகப்பிரிவினை எழுத மறுபடி வந்தார். தகப்பனார் பெயரைக் கேட்டேன். முன்பு நடந்ததை நினைத்து, சற்றுக் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து சொல்லப் போனார். அங்கேயே உட்கார்ந்து சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, தாளைப் பார்த்தபடியே எழுதினேன்: த/பெ. பாண்டி.